உடன் கட்டுண்டோர்: இறையியல் மாணவரும் சிறைப்பட்டோரும்

சிறைப்பட்டோரைக் குறித்துத் திருமறை பேசும் பகுதிகளுள் நம் சபையார் நன்கு அறிந்தது மத்தேயு 25ஆம் அதிகாரமே. காவலில் இருந்தவரைத் தேடி வந்தோர் அங்கே பாராட்டப் பெறுகின்றனர். இதனாலேயே நம் திருச்சபைகளில் சிறைப் பணி என்றால் சிறைச் சந்திப்பு என்றே பொருள் கொள்ளப்பட்டு வந்துள்ளது. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியரோ (13:3) இன்னும் ஒரு படி அப்பால் செல்கின்றார். கட்டுண்டோரை நினைக்கும்போது நாமும் அவர்களோடு ஒரே விலங்கில் பிணைக்கப்பட்ட நிலையில் நின்று நினைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் அங்கு ஆளும் கிரேக்கச் சொல் 'சுன்தெதெமெனொய்' என்பதாகும். 'சுன்' என்னும் முன்னொட்டு 'உடன்' எனப் பொருள்படும். அந்திரோனீக்கையும் யூனியாவையும் (ரோமர் 16:7), அரிஸ்தர்க்கை (கொலோசெயர் 4:10), எப்பாப்பிராவை (பிலேமோன் 23) உடன் சிறையாளர் எனப் பவுல் அழைக்கும் இடங்களிலும் இதே முன்னொட்டு நிற்கக் காண்கிறோம். பவுலுக்கு அது அனுபவம். எபிரெயர் நிருபத்தின் வாசகருக்கோ, அவர்களுள் பலர் வெளியே இருந்தமையால், அது ஒரு கட்டளை.

வெளியே இருப்பவருக்கு இந்த 'உடன்' எவ்வாறு மெய்யாகும்? அதிலும், விடுதியில் உண்டு உறங்கி, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்று வேறிடம் செல்லவிருக்கும் ஒரு மாணவருக்கு அது எவ்வாறு கூடும்? இவ்வினாவுக்கு நூல்களில் விடை தேடுவதைவிட, மாணவர் சிறைவாயிலைத் தாண்டி உள்ளே சென்ற சில வரலாறுகளை ஆராய்வது பயன் தரும்.

ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்

மெதடிஸ்து இயக்கத்தின் தோற்றத்தைப் படித்தவர் எவரும் ஆக்ஸ்ஃபோர்டின் 'பரிசுத்தக் கூட்டத்தை' அறிவர். ஜெபம், உபவாசம், கிரேக்கப் புதிய ஏற்பாட்டு வாசிப்பு ஆகியவற்றுக்காகவே அக்கூட்டம் நினைவுகூரப்படுகின்றது. அதைச் சிறைக்கு இட்டுச் சென்றவர் வில்லியம் மார்கன் என்னும் இளைஞர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. மனைவியைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைக் காண அவர் ஆக்ஸ்ஃபோர்டுக் கோட்டைச் சிறைக்குச் சென்றார். அங்கே கடனுக்காக அடைபட்டிருந்தோருடனும் பேசினார். மீண்டும் மீண்டும் வற்புறுத்தி, ஜான் வெஸ்லியையும் சார்லஸ் வெஸ்லியையும் 1730 ஆகஸ்டு 24ஆம் நாள் உடன் அழைத்துச் சென்றார். அன்றுமுதல் வாரம் ஓரிரு முறை செல்வதென அவர்கள் தீர்மானித்தனர். வடக்கு வாயிலின் மேல் இருந்த 'பொகார்டோ' என்னும் சிறைக்கும் செல்லலாயினர்.

அவர்கள் ஆர்வ மிகுதியால் ஓடியவர்கள் அல்லர். ஜான் வெஸ்லி முதலில் தம் தந்தைக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். ஆயரின் இசைவும் பெறப்பட்டது. தந்தையாகிய சாமுவேல் வெஸ்லியும் தம் மாணவப் பருவத்தில் அதே கோட்டைச் சிறையில் இருந்தோரைச் சந்தித்தவர். அதுமட்டுமன்று, 1705இல் கடனைச் செலுத்த இயலாமல் லிங்கன் கோட்டைச் சிறையில் தாமே அடைபட்டுக் கிடந்தவர். குருவானவர் ஒருவர் கடனுக்காகச் சிறை சென்றதைச் சுவிசேஷ வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. கடன்பட்டோர் சிறைக்குப் பிள்ளைகள் சென்றதன் பின்னணியில் இக்குடும்ப நினைவு இருந்தது என்று கருத இடமுண்டு.

அக்கூட்டத்தார் சிறையில் ஜெபித்தனர், பிரசங்கித்தனர், நூல்களும் மருந்தும் கொடுத்தனர். இவற்றைவிட நான் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. தங்கள் செலவைக் குறைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, சிறு தொகைக்காக அடைபட்டிருந்தோரின் கடனைத் தீர்த்து அவர்களை வெளியே கொணர்ந்தனர். சிறைப்பட்டவருக்கு உள்ளே ஆறுதல் சொல்வதோடு நில்லாமல், அவர் ஏன் உள்ளே இருக்கிறார் என்றும் கேட்டனர். 1732இல் நகரத்தார் அருவருத்து ஒதுக்கிய ஒரு குற்றச்சாட்டுக்கு ஆளான ஒருவருடைய வழக்கில் உதவியதற்காகப் பல்கலைக்கழகத்தாரின் ஏளனத்தையும் பெற்றனர். சிறைவாசியின் இழிபெயரில் ஒரு பகுதி மாணவர்மீதும் ஒட்டிக்கொண்டது. எபிரெயர் நிருபம் கூறும் உடன்கட்டு அங்கே தொடங்கிற்று எனலாம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க முடியாது. யாருக்கு எது தேவை என்பதை மாணவரே முடிவு செய்தனர். சிறைவாசி பெறுபவராகவே இருந்தார். அவரிடமிருந்து கற்க வேண்டியது ஏதேனும் உண்டு என்ற எண்ணம் அக்கூட்டத்தின் அமைப்பில் இடம்பெறவில்லை. 1738 ஜூலையில் சார்லஸ் வெஸ்லி இலண்டன் நியூகேட் சிறையில் மரண தண்டனை பெற்றோருடன் ஓர் இரவு முழுதும் பூட்டிய அறையில் தங்கி, மறுநாள் அவர்களுடனே தூக்குமேடைவரை சென்றார். அவரது நாட்குறிப்பைப் படிப்போர், அந்த இரவில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று எளிதில் கூறிவிட முடியாது. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளும் ஒரு பூட்டிய கதவும் தேவைப்பட்டன.

ஒரே வட்டத்தில் அமர்தல்

நம் காலத்துக்கு வருவோம். நியூயார்க் இறையியல் கல்லூரி 1982இல் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள சிங் சிங் சிறைக்குள் முதுநிலைப் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அம்மாநிலத்தின் பல சிறைகளிலிருந்து இளநிலைப் பட்டம் பெற்றோர் தெரிந்தெடுக்கப்பட்டு, ஓராண்டுப் படிப்புக்காகச் சிங் சிங்குக்கு மாற்றப்பட்டனர். கிறிஸ்தவரோடு இஸ்லாமியரும் பிற சமயத்தாரும் அவ்வகுப்பில் ஒன்றாகப் பயின்றனர். களப்பணியும் சிறைக்குள்ளேயே நடந்தது. பட்டம் பெற்றோர் சிறைக் குருவானவருக்கு உதவியாகவும், சக சிறைவாசிகளுக்கு ஆலோசகராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினர்.

1994ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் சிறைவாசிகளுக்கு 'பெல்' என்னும் அரசு கல்வி உதவித்தொகையை நிறுத்தியது. அந்நாட்டுச் சிறைகளில் இயங்கிய கல்லூரி வகுப்புகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. அவ்வுதவித்தொகையைச் சாராதிருந்த இவ்விறையியல் வகுப்பு தொடர்ந்து நடைபெற்றது. இளநிலைக் கல்வியை மீட்பதற்காகச் சிங் சிங் சிறைவாசிகளும் வெளியிலிருந்த சமயத் தொண்டரும் கல்வியாளரும் இணைந்து 1998இல் 'ஹட்சன் லிங்க்' என்னும் அமைப்பை உருவாக்கினர். அரசு உதவித்தொகை மீண்டும் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில்தான். இடையில் சென்ற ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறையே கல்வி வாய்ப்பை இழந்தது.

ஆயினும் சிங் சிங் வகுப்பில் உள்ளே சென்றவர் ஆசிரியர் மட்டுமே. வெளியே இருந்த மாணவர், உள்ளே இருந்த மாணவரோடு அமரவில்லை. அவ்விருவரையும் ஒரே அறையில் அமர்த்திய முயற்சி பிலடெல்ஃபியா நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1995இல் லோரி பொம்பா என்னும் ஆசிரியை தம் மாணவரைப் பென்சில்வேனியாவில் ஒரு சிறையைப் பார்வையிட அழைத்துச் சென்றார். அங்கு ஆயுள் தண்டனை பெற்ற சிலரோடு உரையாடல் நிகழ்ந்தது. அது முடிந்தபின் அவர்களுள் ஒருவர், இவ்வுரையாடலை ஒரு நாளோடு முடிக்காமல் ஒரு கல்விப் பருவம் முழுவதும் நடத்தலாமே என்று கேட்டார். அக்கேள்வியிலிருந்தே 1997இல் 'இன்சைட்-அவுட்' என்னும் வகுப்பு முறை தோன்றியது. இதைத் தோற்றுவித்த எண்ணம் பல்கலைக்கழகத்தில் உதிக்கவில்லை, சிறைக்குள் உதித்தது என்பதை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அம்முறையைச் சற்று விரிவாகக் கூறுதல் நலம். வெளியிலிருந்து ஏறத்தாழ 15 மாணவரும், உள்ளிருந்து அதே அளவினரும் வாரம் ஒருமுறை சிறைக்குள் கூடுவர். இரு சாராருக்கும் ஒரே பாடநூல்கள், ஒரே எழுத்துப் பணி. தொடக்கத்தில் ஆசிரியர் இரு சாராரையும் தனித்தனியே சந்தித்து, அவரவர் அச்சங்களையும் முன்முடிவுகளையும் வெளிப்படையாகப் பேசச் செய்வார். பின்பு முதன்முறையாக ஒன்றுகூடும் நாளில் இரண்டு வட்டங்கள் அமைக்கப்படும். உள்வட்டத்தில் ஒரு சாராரும் வெளிவட்டத்தில் மறு சாராரும் எதிரெதிரே அமர்வர். ஆசிரியர் முற்றுப்பெறாத ஒரு வாக்கியத்தைக் கூற, எதிரெதிரே இருப்போர் அதை நிறைவு செய்து ஒருவரோடொருவர் பேசுவர். ஓரிரு நிமிடங்களில் ஒரு வட்டம் ஓரிடம் நகரும். சுற்று முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய எல்லாரோடும் நேருக்கு நேர் பேசியிருப்பர். அடுத்த வாரங்களில் இருவரும் மாறி மாறி அமர்ந்து ஒரே வட்டமாகின்றனர். இறுதியில் சிறு குழுக்களாக ஒரு திட்டத்தைத் தயாரித்து, சிறை அதிகாரிகளும் வந்திருக்கும் நிறைவுக் கூட்டத்தில் முன்வைப்பர்.

விதிகள் கண்டிப்பானவை. முதற்பெயர் மட்டுமே வழங்கலாம். ஒருவர் செய்த குற்றத்தை மற்றவர் கேட்கலாகாது. மாணவர் சிறைவாசிகளை ஆராய்ச்சிப் பொருளாக்கலாகாது. இவ்விதிகளுள் எனக்கு மிகவும் உகந்தது, குற்றத்தைக் கேளாமை. நம் சிறைச் சந்திப்புகளில் மாணவர் திரும்பி வந்தவுடன் விடுதியில் எழும் முதல் கேள்வியே 'அவர் என்ன செய்தாராம்?' என்பதுதான். அக்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் அந்த மனிதர் அந்த விடைக்குள் அடங்கிவிடுகிறார்.

கடினமான விதி வேறொன்று. பருவம் முடிந்தபின் உள்மாணவரும் வெளிமாணவரும் கடிதமோ சந்திப்போ வைத்துக்கொள்ளலாகாது. இதை முதலில் அறியும் இறையியலார் திடுக்கிடுவர். நான்கு மாதம் அயலாராக இருந்துவிட்டு ஐந்தாம் மாதம் அந்நியராவது எத்தகைய தோழமை? யோசேப்பைச் சிறையில் மறந்துபோன பானபாத்திரக்காரரை (ஆதியாகமம் 40:23) விதியாகவே ஆக்கிவிட்டார்கள் போலும் என்று கூடத் தோன்றும். ஆனால் இவ்விதி இல்லாவிடில் சிறைக் கதவு திறந்திராது. ஒரு மாணவரின் தவறான கடிதத்துக்காகத் தண்டனை பெறப்போகிறவர் அம்மாணவர் அல்லர், சிறைவாசியே. மேலும், நிறைவேற்ற இயலாத வாக்குறுதிகளை அள்ளி வீசும் இளமையின் இயல்பிலிருந்து இருவரையும் அது காக்கிறது. இவ்விதியை நான் முழுமையாக ஏற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். எனினும் அதன் நியாயத்தை உணராமல் சிறைப்பணியில் இறங்குவோர் தீங்கு செய்வர் என்பது உறுதி.

அவ்விதியின் வன்மையைத் தணித்தது அம்முயற்சியின் மற்றொரு கிளையே. 2002இல் கிராட்டர்ஃபோர்டு என்னும் பெருஞ்சிறையில் வகுப்பு நடந்து முடிந்தபோது, அதில் பயின்றோர் கலைந்துபோக மனமின்றி ஒரு சிந்தனைக் குழுவாகத் தொடர்ந்தனர். உள்ளோரும் வெளியோரும் அடங்கிய அக்குழு வாரந்தோறும் கூடி வந்தது. 2004 முதல் பிற கல்லூரிப் பேராசிரியர் இம்முறையைக் கற்க வந்தபோது, அவர்களுக்குப் பயிற்சியளித்தோருள் இக்குழுவின் சிறைவாசிகளும் இருந்தனர். விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனை பெற்ற பலர், முனைவர் பட்டம் பெற்றோருக்கு ஆசிரியராயினர். பயிற்சி பெற்றோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. 2014இல் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகமும் இவ்வகுப்பைத் தொடங்கிற்று. 2018இல் கிராட்டர்ஃபோர்டு மூடப்பட்டு, அங்கிருந்தோர் அருகிலேயே கட்டப்பட்ட புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். தனி மனிதருக்கிடையே கடிதத் தொடர்பு தடுக்கப்பட்டது. ஆனால் ஒரு பணியைச் சுற்றி இணைந்த குழு, மாணவர் மாறினாலும் ஆண்டுதோறும் நிலைத்தது. மாணவப் பருவம் குறுகியது, தண்டனைக் காலம் நெடியது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தனிமனித அன்பினால் இட்டு நிரப்ப முடியாது, நிலைத்த ஓர் அமைப்பினால்தான் முடியும்.

நம் சிறைகளும் நம் மாணவரும்

மேற்கூறியவற்றை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதற்கு நான் பரிந்துரை செய்யவில்லை. அமெரிக்க மாநிலச் சிறையில் இருப்போர் தீர்ப்புப் பெற்று நெடுங்காலம் அங்கிருப்போர். அவர்களுக்குக் கல்விப் பருவம் ஒரு பொருட்டன்று. நம் சிறைகளின் நிலை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூவருக்கு மேல் தீர்ப்புப் பெறாதவர்கள். பவுல் செசரியாவில் இருந்த நிலையும் இதுவே. பேலிக்ஸ் பணம் எதிர்பார்த்துத் தீர்ப்பைத் தள்ளிவைக்க, இரண்டாண்டு அவர் விசாரணைக் கைதியாகவே கிடந்தார் (அப்போஸ்தலர் 24:26, 27). அப்பகுதியைப் பிரசங்கிப்போர் பவுலின் பொறுமையைப் புகழ்கின்றனர். பேலிக்ஸின் தாமதத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இவர்களுள் பலருக்கு ஜாமீன் கிடைக்காததன்று இடர். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காததே இடர். 1978இல் மோதி ராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டதையும், பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தமையால் அவரை மறுத்ததையும் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் கண்டித்தார். மறு ஆண்டில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு, பீகார் சிறைகளில் தம் குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தோரை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. அதன்பின் சட்டம் பலவாறு திருந்தியுள்ளது. ஜாமீன் உத்தரவு பெற்று ஏழு நாளில் ஒருவர் வெளிவராவிடில் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் காவலில் இருந்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. சட்டம் உள்ளது. ஆனால் தம் காவல் நாட்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஆளில்லாதவருக்கு அது தாளிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே நம் சூழலில் உடன்கட்டு என்பது பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் சொத்துமதிப்புச் சான்றுக்காகக் காத்திருக்கும் வரிசையிலும், மனு பார்க்க வந்து கைக்குழந்தையோடு சிறைவாயிலில் நிற்கும் மனைவியின் அருகிலும் நிகழ வேண்டியதாகும். நான் ஆயராக இருந்த ஒரு சேகரத்தில் கூலித் தொழிலாளி ஒருவர் ஜாமீன் உத்தரவு பெற்றும் ஏழு வாரம் உள்ளே இருந்தார். பிணை நிற்கத் தகுதியுள்ள இருவரைச் சபையில் தேடியபோது, ஆலயக் கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுத்தவர்களே பின்வாங்கினர். பணம் கொடுப்பது எளிது, தம் பெயரை இன்னொருவர் பெயரோடு ஒரு முத்திரைத்தாளில் எழுதுவது அரிது. இறுதியில் பிணை நின்றவர் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருமே.

மாணவரிடம் சொத்தில்லை, ஆகவே அவர் பிணை நிற்க இயலாது. ஆனால் வழக்கு எண்ணையும் வாய்தா நாளையும் குறித்து வைக்கலாம். குடும்பத்தைச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லலாம். சபையில் பிணையாளரைத் தேடலாம். 479ஆம் பிரிவின்படி நாள் கணக்கிடலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின்கீழ் 2009 முதல் செயல்படும் சட்ட உதவித் தன்னார்வலர் முறையில் ஆசிரியரும் சட்ட மாணவரும் சமூகப் பணி மாணவரும் பயிற்சி பெறுகின்றனர். நம் கல்லூரிகளும் அவ்வழியை நாட வேண்டும். சிறைக்குள் செல்ல அனுமதி கிடைக்குமிடத்தில் ஒரே வட்டத்தில் அமர்ந்து ஒரு நூலைச் சேர்ந்து படிக்கலாம். எந்நூல் என்பதை உள்ளிருப்போரே தெரியட்டும். பவுல் தம் சிறையிலிருந்து மேலங்கியோடு புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்டு எழுதினார் (2 தீமோத்தேயு 4:13). தீமோத்தேயு தாம் விரும்பிய துண்டுப்பிரதியை எடுத்துச் சென்றதாக எங்கும் இல்லை.

கிறிஸ்துமஸ் காலத்தில் கேக்கும் பாடற்குழுவுமாகச் சென்று திரும்பும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆண்டில் ஒருநாள் பாட்டைக் கேட்பதும் சிறைவாசிக்கு மகிழ்ச்சியே. ஆனால் எழுந்து போக முடியாதவரைக் கேட்போராகக் கொண்ட கூட்டத்தைச் சபைக் கூட்டமாகக் கருதுவது தவறு. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் பாடியதை மற்றச் சிறையாளர் கேட்டனர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் (16:25). பாடிய இருவரும் அப்போது தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்தனர் என்பதை மறத்தலாகாது.

சாதியைப் பற்றியும் ஒரு சொல். சமைக்கும் வேலையையும் துப்புரவு வேலையையும் சிறைவாசிகளுக்குச் சாதி பார்த்து ஒதுக்கும் சிறைக் கையேட்டு விதிகளை 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தமையும் அவ்வழக்கில் பேசப்பட்டது. பாளையங்கோட்டை நம் திருச்சபை வரலாற்றில் எத்தகைய ஊர் என்பதை வாசகர் அறிவர். சிறைவாசிகளோடு ஒரே வட்டத்தில் அமர விழையும் மாணவர் குழு, தம் விடுதி உணவறையில் யார் யாரோடு அமர்கிறார் என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நன்று. உள்ளிருப்போர் அதை ஒரே நாளில் கண்டுகொள்வர்.

இறுதியாக, கல்லூரி நிர்வாகத்தார் கவனத்துக்கு ஒன்று. இப்பணியை வார இறுதிக் களப்பணியாக வைத்தால் பயனில்லை. நீதிமன்றம் சனி, ஞாயிறுகளில் கூடுவதில்லை. விசாரணைக் கைதியின் காவல் நீட்டிப்பு பெரும்பாலும் பதினைந்து நாளுக்கொருமுறை வருவது, ஆகவே மாணவரின் கால அட்டவணையும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரு மாணவர் என்றும், அவ்விருவரும் வெவ்வேறு ஆண்டினர் என்றும் ஏற்பாடு செய்யலாம். ஏப்ரலில் மூத்தவர் கல்லூரியை விட்டுச் செல்லுமுன், வாய்தா நாட்கள் குறித்த ஏட்டை இளையவரிடம் ஒப்படைத்து, அக்குடும்பத்தாரின் வீட்டுக்கும் வழக்கறிஞரிடமும் அவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துதல் வேண்டும். மே மாதத்தில் கல்லூரிக்கு விடுமுறை, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு இல்லை. அம்மாதத்து ஏடு, ஊரில் தங்கும் ஆசிரியர் ஒருவரிடம் இருக்கட்டும்.